ரெட் வந்தால் லைன் போகும்

எங்கள் பழைய சர்வீஸ் சென்டர் ஆட்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன வாரம் அதில் ஒருவர் கேட்டிருந்தார்: “வீட்டு வைஃபை சும்மா சும்மா கட் ஆகுதுன்னு கஸ்டமர் திட்டறாங்க. எல்லாம் மாத்திப் பாத்துட்டேன். கஸ்டமர் மேலதான் தப்புன்னு எழுதிட்டு வந்துடலாமா?” அதற்கு நாலைந்து பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை நான் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அந்தக் கதையை அவர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு இருபது வயதில் ஓசூருக்கு வந்தவன். மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் காயில் சுற்றும் பிரிவில் இருபத்துமூன்று வருஷம் வேலை. ஒருநாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நாற்பத்துமூன்று வயதில், பேக்கரிக்கு மேல் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பில், என் மகள் வயதுப் பிள்ளைகளோடு ஆறு மாதம் உட்கார்ந்து படித்தேன். அந்த வகுப்பு நடத்தியவர்களே தங்கள் சர்வீஸ் சென்டரில் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், கிருஷ்ணகிரி என்று நான் போகாத பட்டறை இல்லை. கிரானைட் அறுக்கிற இடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே மாவு மில் மாதிரி வெள்ளைத் தூசி கொட்டும். கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில், மோடத்துக்குள் எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன. விளக்கு எரிகிற இடத்தில் கதகதப்பாக இருக்கிறது, ஆலை முழுக்க இனிப்பு, அதுகளுக்கு வேறென்ன வேண்டும். இப்படி நாலு இடத்தில் பார்த்தவுடன் கண்டுபிடித்ததும் எனக்குள் ஒரு தெம்பு ஏறிவிட்டது. மெஷினைத் தொட்டாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு.

எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைமை ஹேமலதா மேடம். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். வீட்டில் கன்னடம். தமிழ் பேசும்போது நடுநடுவே கன்னடம் வந்து விழும். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். நாங்கள் எழுதிக்கொண்டு வரும் சர்வீஸ் ரிப்போர்ட்டை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, கையில் பென்சிலோடு, ஒவ்வொரு வார்த்தையாகப் படிப்பார். எங்காவது பென்சில் நின்றால் அங்கே ஒரு கேள்வி வரும். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு ரிப்போர்ட்டும் ஃபைலுக்குள் போகாது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, பிப்ரவரி மாதத் தொடக்கம். பாகலூர் தாண்டிப் பேரிகை போகிற ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையிலிருந்து புகார் வந்தது. பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்து, பெட்டி கட்டி, பெங்களூர் விமான நிலையம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். காதலர் தினத்துக்கு முந்தைய அந்த இரண்டு வாரம்தான் அவர்களுக்கு வருஷம் முழுவதற்குமான ஓட்டம்.

பூவைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் கூடம் நீளமானது. ஒரு கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட மேனேஜர் அறை. இன்டர்நெட் மோடமும், காற்றில் சிக்னல் அனுப்பும் வயர்லெஸ் பெட்டியும் அவர் மேஜைமேல் இருந்தன. மறு கோடியில், லாரி வந்து நிற்கிற வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். மேஜைக்கடியில் இருந்த அதன் சி.பி.யு.வின் பின்பக்கம் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வயர்லெஸ் அடாப்டர் சொருகியிருந்தது. முன்பு கேபிள்தான் இழுத்திருந்தார்கள். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற கூடம், எலியும் உண்டு. இரண்டு தடவை கேபிள் போன பிறகு வயர்லெஸ்ஸுக்கு மாறியிருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் காலையில் உட்காருகிறவள் மஞ்சுளா. உத்தனப்பள்ளி பக்கத்துக் கிராமம். அவள் அப்பா அம்மா இன்னமும் அடுத்தவர் நிலத்தில் தக்காளி பறிக்கிறவர்கள். அவளும் இந்தப் பண்ணைக்கு முள் உரிக்கத்தான் வந்தாள். பன்னிரண்டாவது படித்திருந்ததால், டைப்பிங் கற்றுக்கொண்டு நாற்காலிக்கு வந்திருந்தாள். எந்தப் பெட்டியில் எந்த ரகம், எத்தனை தண்டு, யாருக்குப் போகிறது என்று சரக்கு ஏஜென்டின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் லேபிள் அச்சாகும். பாதியில் இணைப்பு அறுந்தால் முழுப் பக்கமும் அழிந்துவிடும், முதலிலிருந்து அடிக்க வேண்டும். அப்படி ஒருநாள் லாரி தாமதமாகி, பூ விமானத்தைத் தவறவிட்டுவிட்டது.

முதல் தடவை போனபோது இணைப்பு நன்றாக இருந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஒரு வழக்கம் உண்டு. கரண்டை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அடாப்டரைத் தானே தூங்க வைத்துவிடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, அரைமணி நேரம் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று வந்தேன். மறுநாள் போன் வந்தது, மறுபடியும் போகிறது என்று. இரண்டாவது தடவை டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். வயர்லெஸ் பெட்டியின் சேனலை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினேன். நான் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் மறுபடியும் போன். மூன்றாவது தடவை அடாப்டரையே மாற்றிப் புதுசு போட்டேன். அதுவும் மறுநாள் அறுந்தது.

மேனேஜர் பிரபாகர் கெட்டவர் இல்லை. தூக்கமில்லாமல் கண் சிவந்து கிடந்தார்.

“சார், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல என் அசிஸ்டென்ட் இதே கம்ப்யூட்டர்லதான் உக்காந்து கணக்கு ஏத்தறாரு. இதுவரைக்கும் ஒரு தடவகூட போனதில்ல. அந்தப் பொண்ணு உக்காந்தா மட்டும் போகுது. அதுவும் நல்ல வேலை நேரத்துல. கால் பட்டு ஆடுதோ, கழட்டிக் கழட்டிப் போடுதோ, யாருக்குத் தெரியும்? நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா நான் வேற ஆளப் போட்டுக்கறேன்.”

அவர் சொன்னது உண்மைதான். மத்தியானம் போவதில்லை, அவள் உட்கார்ந்தால் போகிறது. என் பக்கம் மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றியாகிவிட்டது. நான் எழுதினேன்: “கருவியில் குறை இல்லை. பயன்படுத்துபவர் கையாள்வதில் குறை.” ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். வெளியே வரும்போது, கூடத்து வேலையும் முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மஞ்சுளா, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். “சரியாயிடுச்சாண்ணா?” என்று கேட்டாள். “ஆயிடும்மா” என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஹேமலதா மேடம் நின்றுகொண்டு படித்தார். பென்சில் கடைசி வரியில் நின்றது.

“சண்முகம் சார், அந்தப் பொண்ணு அடாப்டரைக் கழட்டறத நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல மேடம்.”

“கால் படறத?”

“இல்ல.”

“லைன் போறதயாவது பாத்தீங்களா?”

மூன்று தடவை போயும் இணைப்பு அறுந்ததை ஒரு தடவைகூட என் கண்ணால் பார்க்கவில்லை என்பது, அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

“அப்போ இந்த வாக்கியம் யாருது? உங்களுதா, மேனேஜருதா?” குரல் நன்றாக இறங்கியிருந்தது. மூன்று ரிப்போர்ட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் பென்சிலை வைத்தார். “ரெண்டே முக்கால். மூணே கால். ரெண்டரை. மூணு தடவையும் ஊட்டா முடிச்சிட்டுப் போயிருக்கீங்க. லைன் போறது காலையில. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போலாம்.”

ஊட்டா என்றால் கன்னடத்தில் சாப்பாடு. அந்த ஒரு வார்த்தை என்னை அடித்ததுபோல இருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டோம். நான் மத்தியானத்தில் பார்த்த கூடம் கழுவிவிட்ட வெறும் சிமென்ட் தரை. காலையில் பார்த்தது வேறு உலகம். நாற்பது பெண்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று முள் உரித்துக்கொண்டும் தண்டு அளந்துகொண்டும் இருந்தார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே நேரத்தில் கேட்டன. குளிர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் புகைபோலக் குளிர் வெளியே வந்தது.

மேடம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு மஞ்சுளாவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். என்னைப் பிங் போடச் சொன்னார். வயர்லெஸ் பெட்டியைக் கம்ப்யூட்டர் நொடிக்கொரு தடவை கூப்பிடும். அது பதில் சொன்னால் திரையில் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு வரி ஓடும். அவ்வளவுதான் பிங். வரிகள் ஒழுங்காக ஓடின. மஞ்சுளா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். முதுகில் ஆணி அடித்ததுபோல விறைத்து உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் அவளிடம் சொல்லிவிட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பத்தேகால் இருக்கும். பதில் தாமதமாக வர ஆரம்பித்தது. ஒரு வரி விட்டுப்போனது. பிறகு மூன்று வரி. பிறகு ஒன்றுமே இல்லை. திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்து நின்றது.

நான் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் கீபோர்டின்மேல் இருந்தன. கால்கள் நாற்காலிக் கம்பிமேல், மேஜைக்கு வெளியே இருந்தன. அடாப்டருக்கும் அவளுக்கும் ஒரு முழம் இடைவெளி. என் காது சூடாகிவிட்டது.

மேடம் அவள் பக்கம் திரும்பி, “மஞ்சுளா, இது எப்போ போகும்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், மேனேஜர் அறையைப் பார்த்தாள். “சொன்னா சிரிப்பீங்க மேடம்.”

“சிரிக்க மாட்டேன்.”

“ரெட் வந்தா போவுது மேடம்.”

“ரெட்?”

“ரெட் ரோஸ். ஒயிட்டு, எல்லோ வந்தா போறதில்ல. ரெட் வந்து நின்னா போயிடுது. வண்டி ஏறிட்டா தானா வந்துடுது.”

அதற்குள் வந்து நின்றிருந்த பிரபாகர் சிரித்துவிட்டார். “பூவோட கலரப் பாத்து இன்டர்நெட் போகுதாம்மா?” பக்கத்தில் முள் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் வாய் கோணியது.

மேடம் சிரிக்கவில்லை. மஞ்சுளா மேஜை டிராயரைத் திறந்து, அச்சுத் தப்பாகி வீணான லேபிள்கள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பேனாவில் எழுதியிருந்தது. தேதி, லைன் போன நேரம், வந்த நேரம், கூடத்தில் அப்போது எந்தப் பூ. பன்னிரண்டு நாள். ஒருநாளும் விடவில்லை. மேடம் எழுந்து நின்று, எங்கள் ரிப்போர்ட்டுகளைப் படிப்பது போலவே ஒவ்வொன்றாகப் படித்தார். பென்சில் எங்கேயும் நிற்கவில்லை.

பிறகு தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குளிர் அறையிலிருந்து வந்த ரோஜாக்கள் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டுகளில் நின்றன. பக்கெட்டுகள் மூன்று அடுக்குத் தள்ளுவண்டிகளில். வெள்ளையும் மஞ்சளும் கொஞ்சம்தான், அவை சுவரோரம் போய்விட்டன. சிவப்புதான் மலைபோல. இடமில்லாமல் கூடத்தின் குறுக்கே ஆளுயரத்துக்கு வரிசையாக நின்றது. அந்தப் பக்கம் மேனேஜர் அறை. இந்தப் பக்கம் மஞ்சுளாவின் மேஜைக்கடியில் அடாப்டர்.

“பிரபாகர் சார், அஞ்சு நிமிஷம் குடுங்க. அந்த வண்டிங்கள ஓரமா தள்ளச் சொல்லுங்க” என்றார் மேடம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெண்கள் வண்டிகளைத் தள்ளினார்கள். பெருக்கல் குறி மறைந்தது. சிக்னல் காட்டும் பச்சைக் கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுந்தன. “இப்போ பழையபடி கொண்டாங்க.” வண்டிகள் வந்து நின்றன. கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது. முள் உரிக்கும் கத்திகள்கூட நின்றுவிட்டன.

மேடம் விடவில்லை. சிவப்பை ஓரம் தள்ளிவிட்டு, வெறும் தள்ளுவண்டிகளை நிறுத்தச் சொன்னார். ஒரு கோடு ஆடியதோடு சரி. காலிப் பக்கெட்டுகளை ஏற்றி நிறுத்தினோம். அப்போதும் அப்படித்தான். பிறகு, பூவே இல்லாமல், அதே பக்கெட்டுகளில் குழாய்த் தண்ணீரை நிரப்பச் சொன்னார். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நானே நிரப்பினேன். மேல் அடுக்கு நிரம்பியது, நடு அடுக்கு நிரம்பியது. “போகுது, போகுது” என்று மஞ்சுளா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி அடுக்கு நிரம்பியபோது, “போயிடுச்சு” என்றாள்.

“கலர் இல்ல,” என்றார் மேடம். “தண்ணி. இந்த அலை தண்ணியத் தாண்டிப் போக முடியாது. தண்ணி அதைக் குடிச்சிடும்.”

வெறும் குழாய்த் தண்ணீர். நான் கையால் அள்ளிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் கரண்டோடு வேலை செய்தவன் நான். ஒயருக்குள் ஓடுவதை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்த அந்த வெற்றுக் காற்றுக்குள் ஏதோ ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்க்கொண்டிருக்கிறது, அதை ஒரு பக்கெட் தண்ணீர் விழுங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் என் உடம்பு நம்பியது. கை மயிர் சிலிர்த்து நின்றது.

மஞ்சுளா மெதுவாகக் கேட்டாள். “நம்ம உடம்புலயும் தண்ணிதானே மேடம் ஜாஸ்தி? ஸ்கூல்ல படிச்சிருக்கேன். அப்போ நாம குறுக்க நின்னா?”

மேடம் தண்ணீர் வண்டிகளை ஓரம் தள்ளச் சொன்னார். “நின்னு பாருங்க.”

அவள் எழுந்து மேஜைக்குப் பின்னால் போய், அடாப்டரை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு விழுந்தது. விலகினாள். எழுந்தது. “ஐயோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூடவே இன்னொரு பெண் வந்தாள். இரண்டு பேர் நின்றார்கள், இன்னொரு கோடு விழுந்தது. அப்புறம் யாரும் கூப்பிடவேயில்லை. கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக வந்து குறுக்கே நின்று பார்த்தார்கள். “சூடு, நேனு நின்டே போதுந்தி” என்றாள் ஒருத்தி தெலுங்கில், நான் நின்றால் போகிறது பார் என்று. வயதான ஒரு அம்மா, கை கூப்பிக்கொண்டு நின்றார். காதலர் தினத்து ஓட்டத்துக்கு நடுவில் அந்தப் பத்து நிமிஷம் பிரபாகரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவரும் போய் ஒரு தடவை நின்றார்.

சரி செய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மேனேஜர் மேஜைமேல் இருந்த வயர்லெஸ் பெட்டியைக் கழற்றி, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, ஆளுயரத்துக்கும் மேலே சுவரில் மாட்டினேன். அடாப்டரை ஒரு நீட்டிப்பு ஒயரில் சொருகி, மஞ்சுளாவின் தலைக்கு மேலே ஜன்னல் கம்பியில் கட்டினேன். இப்போது வண்டிகள் குறுக்கே நின்றாலும் அலை அவற்றின் தலைக்குமேல் போகும். சிவப்பு முழுவதையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிங் வரிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. மதியம் லாரி கிளம்பும்வரை இருந்து பார்த்தோம்.

பிரபாகர் அறையிலிருந்து என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துவந்து மேடத்திடம் நீட்டினார். “இது வேணாம் மேடம். அந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும். நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்.” மேடம் அதை வாங்கிப் பார்க்காமலேயே என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியை எடுக்க வெளியே போனார்.

நான் கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சுளா டீ கொண்டுவந்தாள்.

“அது என்ன பேப்பர்ணா?”

மடித்துப் பையில் போட்டிருக்கலாம். ஏதோ பழைய பில் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். பன்னிரண்டு நாள் லேபிள் முதுகில் எழுதிவைத்த பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்துக் காட்டினேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. டீயைக் கீழே வைக்கவும் இல்லை. டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா,” என்றாள். “காலையில வந்திருந்தா இங்கயேதான் உக்காந்திருந்தேன்.”